சொலிசிட்டர் பில்லை எதிர்க்கக் கெடு எப்போது முடிகிறது?

கேள்வி இது. இங்கிலாந்தில் வசிக்கும் ஒருவருக்கு அண்ணனுடன் வீட்டுப் பங்குத் தகராறு. தொடக்கத்தில் 12,000 பவுண்டு அளவில் செலவாகும் என்று அவருடைய சொலிசிட்டர் (வழக்கறிஞர்) எழுதிக் கொடுத்தார். கடைசியில் நான்கு பில்களாக 31,000 பவுண்டு ஆகிவிட்டது. முதல் பில் வந்து 16 மாதம், இரண்டாவது 13 மாதம், மூன்றாவது 10 மாதம், நான்காவது 7 மாதம். முதல் பில்லை அப்போதே வங்கி வழியாகக் கட்டிவிட்டார். மற்ற மூன்றும் நிலுவையில் இருந்தன. 6 மாதத்துக்கு முன் வீடு விற்ற பணம் சொலிசிட்டரின் கணக்குக்கு வந்ததும், அவர்களே மூன்று பில்லுக்கும் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். கேட்டால், "ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டது, பணமும் செலுத்தியாகிவிட்டது, இனி எதுவும் செய்ய முடியாது" என்கிறார்கள். இது சரியா?

முழுக்கச் சரியில்லை. முழுக்கத் தவறும் இல்லை. நான்கு பில்லுக்கும் நான்கு விதமான பதில் வரக்கூடும் என்பதுதான் இதில் சிக்கல். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு விதிகள்.

அடிப்படை 1974ஆம் ஆண்டு சொலிசிட்டர்கள் சட்டம், பிரிவு 70. தன் சொலிசிட்டர் கேட்கும் கட்டணம் அதிகம் என்று நினைக்கும் கட்சிக்காரர், அதை நீதிமன்றம் பார்த்து நியாயமான தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்று மனுப் போடலாம். இதற்கு மதிப்பீடு என்று பெயர். கெடுக்கள் இந்த மனுவுக்குத்தான்.

பில் உங்கள் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டால் அது உங்கள் உரிமை. நீதிமன்றம் மறுக்க முடியாது, முன்பணம் கட்டு என்றும் சொல்ல முடியாது. மதிப்பீடு முடியும் வரை சொலிசிட்டர் அந்தப் பில்லுக்காக உங்கள் மீது வழக்கும் போட முடியாது. உங்களுக்குச் சொல்லப்பட்ட 'ஒரு மாதக் கெடு' இதுதான். ஆனால் அந்த மாதம் போனதோடு கதவு சாத்தப்படுவதில்லை. உரிமையாக இருந்தது அதன் பிறகு நீதிமன்றம் ஏற்கவோ மறுக்கவோ கூடிய விருப்புரிமையாக மாறுகிறது, அவ்வளவுதான். பணம் கட்டாமல், தீர்ப்பும் ஆகாமல் இருந்தால், பில் வந்து 12 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். நீதிமன்றம் ஏதாவது நிபந்தனை விதிக்கலாம். சர்ச்சையில்லாத ஒரு பகுதியை முதலில் நீதிமன்றத்தில் கட்டச் சொல்வது அப்படி ஒரு நிபந்தனை.

அடுத்த கட்டம் கொஞ்சம் கடினம். பில் வந்து 12 மாதம் தாண்டிவிட்டால், அல்லது அந்தப் பில்லுக்காக உங்கள் மீது தீர்ப்பு ஆகிவிட்டால், அல்லது பணத்தைக் கட்டிவிட்டால், 'சிறப்புச் சூழ்நிலை' இருப்பதாக நீங்கள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மதிப்பீடு கிடையாது.

கடைசிக் கதவு இரும்புக் கதவு. பில்லுக்குப் பணம் கட்டி 12 மாதம் ஆகிவிட்டால், கட்சிக்காரரின் மனுவை ஏற்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் பிரிவு 70இன் கீழ் ஒன்றும் நடக்காது. சட்டத்தில் வழியில்லை என்றால் நீதிமன்றம் தன் இயல்பான அதிகாரத்தைக் கொண்டு செய்யலாமே என்ற வாதமும் ஒரு காலத்தில் முன்வைக்கப்பட்டது. அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1990இல் அதை நிராகரித்துவிட்டது.

இந்த அமைப்பு புதிதும் இல்லை. ஒரு மாதம், 12 மாதம், சிறப்புச் சூழ்நிலை, பணம் கட்டி 12 மாதம் என்ற இதே படிகள் 1843ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தன. குதிரை வண்டியில் கடிதம் போன காலத்துக் கெடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றும் உறுத்தும். சொலிசிட்டர் தன் கட்டணத்துக்காக வழக்குப் போட வேலை முடிந்ததிலிருந்து 6 ஆண்டு இருக்கிறது. அதை எதிர்க்க நினைப்பவருக்கு உரிமையாகக் கிடைப்பது ஒரே ஒரு மாதம்.

சரி, இப்போது உங்கள் பில்களுக்கு வருவோம். எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டியது, வந்த காகிதம் சட்டப்படி பில்லா என்பது.

சட்டப்படியான பில் என்றால் அதில் கையெழுத்து இருக்க வேண்டும். நிறுவனத்தில் அதிகாரம் பெற்றவர் போடலாம், மின்னணுக் கையெழுத்தும் செல்லும். உங்களிடம் முறைப்படி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்திருந்தால், அப்படிப் பெற நீங்கள் முன்பே இசைந்திருக்க வேண்டும். என்ன வேலைக்கு எவ்வளவு என்று புரிந்துகொள்ளப் போதுமான விவரம் இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியம், அது எந்தக் காலத்துக்கு உரியதோ அந்தக் காலத்துக்கு இறுதியான கணக்காக இருக்க வேண்டும். 'இப்போதைக்கு இவ்வளவு கொடுங்கள், முடிவில் சரிபார்ப்போம்' என்ற பாணியில் வந்த காகிதம் வெறும் முன்பணக் கோரிக்கை. அதற்குப் பிரிவு 70இன் கெடு ஓடவே ஓடாது.

வழக்கு நடக்கும்போதே மாதாமாதமோ காலாண்டுக்கு ஒன்றாகவோ வரும் இடைக்கால பில்களில்தான் பெரும்பாலான சண்டை. அவை ஒவ்வொன்றும் தனித்தனியான இறுதிப் பில் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கெடு ஓடும். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, சொலிசிட்டரோடு மனக்கசப்பு வேண்டாம் என்று நீங்கள் பேசாமல் இருக்கும்போதே முதல் பில்லின் கெடு முடிந்துபோகும். இது கட்சிக்காரருக்கு மிகப் பாதகமான நிலை. அதனாலேயே, இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்ததைத் தெளிவாகக் காட்டும் பொறுப்பை நீதிமன்றங்கள் சொலிசிட்டர் மேல் வைக்கின்றன. ஒப்பந்தம் தெளிவில்லை என்றால், இடையில் வந்த எல்லாவற்றையும் ஒரே பில்லின் துண்டுகளாகப் பார்த்து, கடைசித் துண்டு வந்த நாளிலிருந்து எண்ணும் வழியும் இருக்கிறது.

ஆகவே நீங்கள் முதலில் தேட வேண்டியது பில்களை இல்லை, வேலையை ஒப்படைத்தபோது கையெழுத்திட்ட நிபந்தனைக் கடிதத்தை. அதில் பில் அனுப்புவது பற்றி ஒரு பத்தி இருக்கும். 'ஒவ்வொரு இடைக்கால பில்லும் அந்தக் காலத்துக்கு இறுதியானது, அதை எதிர்க்கும் உரிமைக்கு அந்த நாளிலிருந்து காலம் ஓடும்' என்கிற மாதிரி தெளிவாக இருந்தால் நிறுவனத்தின் கை ஓங்கும். 'முன்பணமாக அவ்வப்போது பில் அனுப்புவோம்' என்று மட்டும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். முதல் பில்லின் தலைவிதி முழுக்க இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. அது தனி பில் என்றால், கட்டி 12 மாதம் தாண்டிவிட்டது, இரும்புக் கதவு சாத்தியாகிவிட்டது. நான்கும் சேர்ந்து ஒரே பில் என்றால், அதற்கும் இன்னும் உயிர் இருக்கிறது.

அடுத்த கேள்வி, மற்ற மூன்று பில்லுக்கும் நீங்கள் பணம் கட்டினீர்களா? பணம் உங்கள் கையை விட்டுப் போனது உண்மை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது 'கட்டுதல்' ஆகுமா என்பது வேறு விஷயம். விபத்து இழப்பீடு, வீடு விற்ற பணம், வாரிசுச் சொத்து என்று எதுவாக இருந்தாலும் தொகை முதலில், கட்சிக்காரர்களின் பணத்தை வைக்க சொலிசிட்டர் நடத்தும் கணக்குக்கு வரும். அதிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவது சர்வசாதாரணம். கழித்த நாளையே கட்டிய நாளாக வைத்துக்கொண்டு 12 மாதம் எண்ணலாம் என்று நிறுவனங்கள் வாதாடி வந்தன. கீழ் நீதிமன்றங்கள் மாறி மாறித் தீர்ப்பளித்த ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 அக்டோபரில் கட்சிக்காரர் பக்கம் முடிந்தது. வழக்கில் இருந்த நிறுவனம் ஓக்வுட் சொலிசிட்டர்ஸ். கழித்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்தில் பொதுவாக அனுமதி கொடுத்திருப்பது போதாது, இவ்வளவு தொகை எடுக்கப்படுகிறது என்பதற்குக் கட்சிக்காரர் சம்மதித்திருக்க வேண்டும், அப்போதுதான் இந்தப் பிரிவின்படி அது கட்டுதல் ஆகும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் விஷயத்தில் இதன் பலன் பெரிது. வீடு விற்றபோது 'இந்த மூன்று பில்லுக்கும் இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம்' என்று அவர்கள் எழுதி, நீங்கள் 'சரி' என்று பதில் போட்டிருந்தால், 6 மாதத்துக்கு முன் கட்டியதாகத்தான் ஆகும். அப்படியானால் மூன்று பில்லுக்குமே சிறப்புச் சூழ்நிலை காட்ட வேண்டும், அதுவும் மீதியுள்ள 6 மாதத்துக்குள். சம்மதமே கேட்காமல் கழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்பியிருந்தால், அவை கட்டப்படாத பில்கள் என்று நீங்கள் வாதிடலாம். மூன்றாவதும் நான்காவதும் 12 மாதத்துக்குள் வந்தவை என்பதால், அந்த நிலையில் சிறப்புச் சூழ்நிலை என்ற பேச்சே வராது. இரண்டாவது பில் மட்டும் 13 மாதம் ஆனது, அதற்குக் காட்ட வேண்டும். மூன்றாவது பில்லுக்கு 12 மாதம் நிறைய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நீங்கள் நாட்காட்டியில் வட்டமிட வேண்டிய முதல் தேதி அதுதான்.

வட்டமிடும்போது பில்லில் அச்சான தேதியைப் பார்க்காதீர்கள், அது உங்களுக்குச் சேர்ந்த தேதியைப் பாருங்கள். மாதம் என்பது நாட்காட்டி மாதம். மார்ச் 10இல் வந்த பில்லுக்கு ஒரு மாதம் ஏப்ரல் 10இல் முடியும். கடைசி நாள் வரை இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம். படிவம் ஏதோ காரணத்தால் திரும்பி வந்தால் மறுபடி அனுப்ப நாள் இருக்காது.

சிறப்புச் சூழ்நிலை என்றால் என்னவோ ஏதோ என்று பயப்பட வேண்டாம். வழக்கத்துக்கு மாறாக ஒன்று இருக்க வேண்டும், அதனால் கெடு தாண்டியும் இந்தப் பில்லை ஆராய்வது நியாயம் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். மோசடியோ பெரிய தவறோ நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. முன்பு சொன்ன மதிப்புக்கும் பில்லுக்கும் விளக்கமில்லாத பெரிய வித்தியாசம், ஆவணங்களைத் தர மறுத்து நெருக்கியதால் கட்டிய பணம், பில்லைப் பார்த்தாலே 'இது எப்படி?' என்று கேட்க வைக்கும் கட்டணம், விளக்கம் கேட்டும் மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் இழுத்தது, இவையெல்லாம் எடுபடக்கூடியவை. 12,000 என்று எழுதிக் கொடுத்து 31,000க்குப் போனதும், இடையில் மதிப்பைத் திருத்தி ஒரு கடிதம்கூட வராததும் உங்கள் மனுவில் முதல் வரியில் வர வேண்டும். திருத்திய கடிதம் வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள், எப்படியும் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

நான் பார்த்தவரை மக்கள் கெடுவைத் தவறவிடுவது அறியாமையால் மட்டும் இல்லை, நாகரிகத்தாலும்தான். நிறுவனத்துக்குப் புகார் எழுதுகிறார்கள், பதில் வருகிறது, திரும்ப எழுதுகிறார்கள், 'மூத்த பங்குதாரர் விடுமுறையில் இருக்கிறார், வந்ததும் பார்ப்பார்' என்று ஒரு கடிதம் வருகிறது. பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது மாதங்கள் ஓடிவிடும். நிறுவனத்துக்கு எழுதும் எந்தக் கடிதமும் பிரிவு 70இன் கெடுவை நிறுத்தாது. வழக்கறிஞர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சட்டக் குறைதீர்ப்பாளரிடம் கொடுத்த புகாரும் நிறுத்தாது. மனு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது போன பிறகும் பேசலாம். இன்னும் சொன்னால், அதன் பிறகுதான் பேச்சு உருப்படியாக நடக்கும்.

விவரமில்லாமல் மொத்தத் தொகையாக வரும் பில்லுக்கு இன்னொரு கெடுவும் உண்டு. நீதிமன்ற வழக்குத் தொடர்பான வேலையாக இருந்தால், பில் வந்து 3 மாதத்துக்குள், அந்தக் கட்டணத்துக்காக உங்கள் மீது வழக்கு வராத நிலையில், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில் கேட்கலாம். கேட்டால் பழைய பில் செல்லாததாகிவிடும். ஆனால் புதிய பில் பழையதைவிடக் கூடுதலாகவும் வரலாம். கோபத்தில் உடனே கேட்டுவிடாமல் யோசித்துக் கேளுங்கள். உங்களுக்கு அந்த 3 மாதம் முடிந்துவிட்டது.

மனுவை எங்கே போடுவது? பெரும்பாலும் லண்டன் ஸ்ட்ராண்ட் சாலையில் உள்ள அரச நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மூத்த நீதிமன்றங்களின் செலவு அலுவலகத்தில். உரிமையியல் நடைமுறை விதிகளில் பகுதி 8இன் கீழ், என்208 படிவத்தில். நீதிமன்றம் உத்தரவு போட்டதும் அடுத்த வரிசைக் கெடுக்கள் தொடங்கும். 28 நாளுக்குள் சொலிசிட்டர் கட்டணத்தின் முழு விவரம் தர வேண்டும். அது வந்த 14 நாளுக்குள் அதில் எந்தெந்தக் கட்டணத்தை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். அதற்குப் பதில் தர அவர்களுக்கு 14 நாள். உத்தரவு வந்து 3 மாதத்துக்குள் விசாரணைத் தேதி கேட்க வேண்டும். இதில் உங்களை அமுக்குவது நடுவில் வரும் 14 நாள்தான். நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள கணக்கை இரண்டு வாரத்தில் பிரித்து மேய முடியாது. உத்தரவு வருவதற்கு முன்பே கையில் உள்ள கடிதங்கள், மின்னஞ்சல்கள், தொலைபேசிக் குறிப்புகளை நாள் வாரியாக அடுக்கி வைத்துவிடுங்கள்.

மனுப் போடலாம் என்பது வேறு, போட வேண்டுமா என்பது வேறு. ஐந்தில் ஒரு பங்கு விதி என்று ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டில் பில் 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மதிப்பீட்டுச் செலவைச் சொலிசிட்டர் ஏற்பார். குறையாவிட்டால் நீங்கள் ஏற்க வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் நீதிமன்றம் மாற்றிச் சொல்லலாம், ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. 31,000இல் ஐந்தில் ஒரு பங்கு 6,200. பில் 24,800 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். 26,000க்குக் குறைந்தால் 5,000 பவுண்டு ஜெயித்த மாதிரி தெரியும், ஆனால் மதிப்பீட்டுச் செலவு அதை விழுங்கிவிடும். உங்கள் வழக்கில் முதல் மதிப்பைப் போல இரண்டரை மடங்கு ஆகியிருப்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இதே கேள்வி 3,000 பவுண்டு பில்லைப் பற்றி வந்திருந்தால், நீதிமன்றப் பக்கமே போகாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சிறிய தொகைகளுக்குச் சட்டக் குறைதீர்ப்பாளர் நல்ல இடம். கட்டணம் இல்லை. பில்லைக் குறைக்கச் சொல்லும் அதிகாரமும் உண்டு. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி சர் ஜெஃப்ரி வோஸ், சிறு தொகைக் கட்டணத் தகராறுகளுக்கு இதுவே மலிவான, பயனுள்ள வழி என்று சொன்னார். ஆனால் அங்கேயும் கெடு உண்டு. முதலில் நிறுவனத்திடம் முறைப்படி புகார் கொடுத்து 8 வாரம் வரை காத்திருக்க வேண்டும். அவர்களின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். அதோடு, சம்பவம் நடந்த அல்லது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டு. 2023 ஏப்ரலுக்கு முன் 6 ஆண்டு இருந்ததை இப்படிச் சுருக்கிவிட்டார்கள். இணையத்தில் இன்னும் பழைய கணக்கைப் போட்டு வைத்திருக்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பணமே கட்டாமல் 12 மாதம் தாண்டியவருக்கு ஒரு ஆறுதல் உண்டு. சொலிசிட்டர் பிறகு பணம் கேட்டு வழக்குப் போட்டால், எதிர்வாதமாக 'இந்தக் கட்டணம் நியாயமில்லை' என்று சொல்லும் உரிமை போய்விடுவதில்லை. டர்னர் எதிர் பாலோமோ வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பிரிவு 70இன் கெடு அந்தப் பிரிவின் மனுவுக்குத்தான், நியாயமான கட்டணம் மட்டுமே தர வேண்டும் என்ற பொதுவான கொள்கைக்கு இல்லை. கட்டியவரைவிடக் கட்டாதவர் நல்ல நிலையில் இருப்பது விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பில்லைக் கிடப்பில் போடும்படி நான் சொல்லவில்லை. வட்டி ஏறும், ஆவணங்கள் அவர்களிடம் சிக்கும்.

பலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்வது எதிர்த்தரப்பின் செலவை. வழக்கில் தோற்று, எதிராளியின் செலவை நீங்கள் கட்ட வேண்டும் என்று உத்தரவானால், மேலே சொன்ன மாதக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் உத்தரவிலிருந்து 3 மாதத்துக்குள் விரிவான மதிப்பீட்டைத் தொடங்கி, என்252 படிவத்தோடு செலவுக் கணக்கை அனுப்புவார்கள். அது சேர்ந்த 21 நாளுக்குள் உங்கள் ஆட்சேபங்களை எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், கேட்ட முழுத் தொகைக்கும் நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்துவிடும். அதை நீக்கச் சொல்லி மனுப் போடலாம், நல்ல காரணம் வேண்டும், தாமதமும் கூடாது. 75,000 பவுண்டு வரையான கணக்குகளை நீதிபதி முதலில் காகிதத்திலேயே பார்த்து முடிவு சொல்வார். ஒப்பாவிட்டால் 21 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம், ஆனால் அதில் முடிவு உங்களுக்குச் சாதகமாக 20 சதவீதமாவது மாறாவிட்டால் பொதுவாக அந்த விசாரணைச் செலவு உங்கள் தலையில் விழும். உங்கள் அண்ணன் பக்கத்திலிருந்து அப்படி ஏதாவது உறை வந்திருந்தால், இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் பிரியுங்கள்.

வராவிட்டால், இந்த வாரமே நிபந்தனைக் கடிதத்தையும், வீடு விற்ற சமயத்தில் நடந்த மின்னஞ்சல்களையும் எடுத்துக்கொண்டு, செலவுத் தகராறுகளையே தொழிலாகச் செய்யும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எல்லா சொலிசிட்டருக்கும் இந்தப் பகுதி பழக்கமில்லை. அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். நான்கு பில்லும் தனித்தனியா, ஒன்றா? கழித்துக்கொண்டதற்கு நான் சம்மதித்ததாக ஆகுமா? இரண்டுக்கும் அவர் என்ன பதில் சொன்னாலும், மூன்றாவது பில்லின் 12 மாதம் நிறைவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.